எக்ஸ்டெண்டர் மாட்டினேன், அக்கா போட்ட பூட்டு கழன்றது

(இது பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு மன்னிப்புல ஆரம்பிக்கிறேன். கேட்க வேண்டிய ஆளுகிட்ட ஏற்கெனவே கேட்டாச்சு, அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன். ஆனா அந்தத் தப்பை நீங்களும் உங்க வீட்டுல பண்ண வாய்ப்பு நிறைய இருக்கு. அதனாலதான் இந்த எபிசோட்.

எங்க அக்கா வீடு பாளையங்கோட்டையில. கீழே ஹால், அடுப்படி, ஒரு ரூம். மாடியில ரெண்டு ரூம். ரவுட்டர் கீழே ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல. நடுவுல நல்ல தடியான கான்கிரீட் தளம். மாடியில அத்தான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார், அங்கே சிக்னல் ஒத்தைக் கோடுதான். தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ, "ஒரு எக்ஸ்டெண்டர் மாட்டிட்டா முடிஞ்சிது"ன்னு நானே வாங்கி, நானே மாட்டி, பத்து நிமிஷத்துல செட் பண்ணிட்டு பெங்களூரு பஸ் ஏறிட்டேன். அத்தானுக்குச் சந்தோஷம். எனக்கும் ஒரு இன்ஜினியர் கெத்து.

மூணு வாரம் கழிச்சு அக்கா போன். "ஏலே, இந்தப் பய ரவுட்டர் பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சிட்டான்."

என்ன விஷயம்னா, அக்கா பையன் ஆறாம் வகுப்பு. அவன் டேப்லெட்டுக்கு ராத்திரி 9 மணிக்கு மேல இன்டர்நெட் வரக் கூடாதுன்னு அக்கா ரவுட்டர்ல ஒரு ரூல் போட்டு வச்சிருந்தா. ஒரு வருஷமா ஒழுங்கா வேலை செஞ்ச ரூல். அன்னைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தா, பையன் போர்வைக்குள்ள கிரிக்கெட் வீடியோ பார்த்துக்கிட்டு இருக்கான். ரூல் எப்படிடா போச்சுன்னு கேட்டா, "நான் ஒண்ணும் பண்ணலம்மா, அதுவா வருது"ன்னு சொல்றான். அக்கா நம்பல. டேப்லெட்டைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. வீடியோ பார்த்ததுக்குக்கூட இவ்ளோ திட்டு விழல, பொய் சொன்னதுக்குத்தான் விழுந்துச்சு.

நான் என்ன பண்ணேன்? சிரிச்சேன். "பரவாயில்லக்கா, பய ஹேக்கர் ஆயிட்டான்"னு சொன்னேன். அவன் சொன்னது உண்மையா இருக்குமோன்னு ஒரு செகண்ட்கூட யோசிக்கல. அவன் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. பூட்டைக் கழட்டினது நான் மாட்டின எக்ஸ்டெண்டர்.

ரவுட்டர் யாரைப் பார்த்து அடையாளம் தெரிஞ்சுக்குது?

ரவுட்டர்ல இருக்கிற ஆக்சஸ் கன்ட்ரோல் எதை வச்சு வேலை செய்யுதுன்னு முதல்ல பார்ப்போம். ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் ஒரு மேக் அட்ரஸ் உண்டு. 48 பிட் நீளம். ரெண்டு ரெண்டு எழுத்தா ஆறு ஜோடியா எழுதுவாங்க. முதல் மூணு ஜோடி கம்பெனியைக் குறிக்கும், கடைசி மூணு ஜோடி அந்தக் கருவியைக் குறிக்கும். டேப்லெட்டோட மேக் அட்ரஸ் 48:27:19:36:50:84 அப்படின்னு ஒரு உதாரணத்துக்கு வச்சுக்குவோம்.

ஆக்சஸ் கன்ட்ரோல் ரெண்டு விதமா இருக்கும். ஒண்ணு பிளாக் லிஸ்ட்: இந்தப் பேர் இருந்தா உள்ளே விடாதே, மத்த எல்லாரும் வரலாம். இன்னொண்ணு அலவ் லிஸ்ட்: இந்தப் பேர் இருந்தா மட்டும் விடு, மத்த யாரும் வரக் கூடாது. கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற ஆள் கையில இருக்கிற லிஸ்ட் மாதிரி. அந்த ஆளுக்கு முகம் தெரியாது, பேர் மட்டும்தான் தெரியும். வேற பேர் சொன்னா வேற ஆள்.

எக்ஸ்டெண்டர் பண்றதும் இதுதான். அதுக்குப் பின்னாடி வர்ற கருவிகளோட பேரை மாத்திச் சொல்லுது.

எக்ஸ்டெண்டர் ஏன் பேரை மாத்துது?

இது ஏதோ கோளாறுன்னு நினைச்சிடாதீங்க. வைஃபை வடிவமைப்பிலேயே இதுக்குக் காரணம் இருக்கு.

உங்க போன் ரவுட்டருக்கு ஒரு வைஃபை ஃபிரேம் அனுப்பும்போது அதுல வழக்கமா மூணு அட்ரஸ் போகும். ஒண்ணு, இதை வாங்கிக்கிற ரவுட்டர். ரெண்டு, இதை அனுப்புற போன். மூணு, இது கடைசியாப் போய்ச் சேர வேண்டிய இடம். கவனிங்க, அனுப்புறவருக்கு ஒரே ஒரு கட்டம்தான். போன் நேரடியா ரவுட்டர்கிட்ட பேசும்போது அது போதும்.

இப்போ நடுவுல எக்ஸ்டெண்டர் வருது. காத்துல இந்த ஃபிரேமை ரவுட்டருக்கு அனுப்புறது எக்ஸ்டெண்டர். உண்மையில எழுதினது டேப்லெட். ரெண்டு பேர் எழுதணும், கட்டம் ஒண்ணுதான் இருக்கு. நாலாவது அட்ரஸ் கட்டம் வைஃபை தரத்துல இருக்கு, ஆனா அதை ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும். ரவுட்டர் ஒரு கம்பெனி, எக்ஸ்டெண்டர் ஒரு கம்பெனின்னு இருந்தா பெரும்பாலும் ஒத்துப் போகாது. அதனால எந்த ரவுட்டரோடயும் வேலை செய்யணும்னு நினைக்கிற எக்ஸ்டெண்டர்கள் ரெண்டுல ஒரு வழியை எடுக்கும்.

முதல் வழி: பின்னாடி இருக்கிற எல்லாருக்கும் எக்ஸ்டெண்டரோட சொந்த மேக் அட்ரஸையே போட்டுடும். ரவுட்டர் லிஸ்டைத் திறந்தா ஒரே மேக் அட்ரஸ், ஆனா நாலஞ்சு ஐபி அட்ரஸ் இருக்கிற மாதிரி தெரியும்.

ரெண்டாவது வழி: ஒவ்வொரு கருவிக்கும் ஒரு புனைபெயர் கொடுக்கும். இதை வர்ச்சுவல் மேக்னு சொல்வாங்க. பல எக்ஸ்டெண்டர்கள்ல கடைசி மூணு ஜோடி அப்படியே இருக்கும், முதல் மூணு ஜோடி மட்டும் மாறும். நம்ம டேப்லெட் 48:27:19:36:50:84, மாடியில எக்ஸ்டெண்டர் வழியா வரும்போது 02:10:75:36:50:84 ஆயிடும். அக்கா வீட்டுல நடந்தது இதுதான்.

இந்தப் புனைபெயரைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு சொல்றேன். மேக் அட்ரஸ்ல ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இதுல ஒண்ணா இருந்தா அது கம்பெனியில பொறிச்ச நிஜ அட்ரஸ் இல்ல, ஏதோ ஒரு சாஃப்ட்வேர் உருவாக்கினதுன்னு அர்த்தம். 48-ல ரெண்டாவது எழுத்து 8, அதனால நிஜம். 02-ல ரெண்டாவது எழுத்து 2, அதனால புனைபெயர்.

இப்போ கதைக்கு வாங்க. பிளாக் லிஸ்ட்ல 48-ல ஆரம்பிக்கிற அட்ரஸ் இருக்கு. பையன் கீழே ஹால்ல உட்கார்ந்தா 9 மணிக்கு இன்டர்நெட் போயிடும். மாடிக்குப் போனா 02-ல ஆரம்பிக்கிற "புது ஆள்" வர்றார், லிஸ்ட்ல அவர் பேர் இல்ல, ராஜ மரியாதையோட உள்ளே விட்டுடும். பையன் சொன்ன மாதிரி, அதுவாத்தான் வந்துச்சு.

நான் பண்ண ரெண்டாவது தப்பு

இதெல்லாம் அப்போ எனக்குப் புரியல. பய எப்படியோ ரூலைத் தாண்டுறான்னு நினைச்சு, அக்காகிட்ட வீடியோ கால்ல, "பிளாக் லிஸ்ட்டே வேண்டாம்க்கா, அலவ் லிஸ்ட் போட்டுடு. நம்ம வீட்டுக் கருவி மட்டும்தான் உள்ளே வரும், 9 மணிக்கு டேப்லெட்டை எடுத்துடலாம்"னு சொன்னேன். ஒவ்வொரு போன், லேப்டாப், டிவி எல்லாத்தோட செட்டிங்ஸ்லயும் போய் மேக் அட்ரஸைப் படிச்சு, எக்ஸ்டெண்டர் பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரையும் படிச்சு, எல்லாத்தையும் லிஸ்ட்ல ஏத்தி, சேவ் பண்ணச் சொன்னேன்.

ரெண்டு நிமிஷத்துல மாடியில இருந்து அத்தான் குரல். அமெரிக்க க்ளையண்டோட மீட்டிங் நடுவுல நெட் போயிடுச்சு. லேப்டாப்ல வைஃபை சின்னம் முழுசா இருக்கு, ஆனா "இன்டர்நெட் இல்லை"ன்னு வருது. எக்ஸ்டெண்டர்ல பச்சை விளக்கு எரியுது. கீழே எல்லாம் சரியா வேலை செய்யுது.

அப்போதான் மண்டையில பல்பு எரிஞ்சுது. பிளாக் லிஸ்ட் போட்டா மாடியில தடுக்க வேண்டியவன் தப்பிக்கிறான். அலவ் லிஸ்ட் போட்டா மாடியில விட வேண்டியவர் மாட்டிக்கிறார். ரெண்டுக்கும் பொதுவானது மாடி. மாடின்னா எக்ஸ்டெண்டர். லிஸ்ட்ல எக்ஸ்டெண்டர் பேர் இருக்கு, அதனால அது உள்ளே வந்துடுச்சு, பச்சை விளக்கு எரியுது. ஆனா அது கூட்டிட்டு வந்த புனைபெயர்க்காரங்க யாரும் லிஸ்ட்ல இல்ல.

உங்க வீட்டுல "எக்ஸ்டெண்டர் கனெக்ட் ஆகுது, போனும் எக்ஸ்டெண்டரோட கனெக்ட் ஆகுது, நெட் மட்டும் வரல"ன்னா, எக்ஸ்டெண்டரைத் திருப்பிக் கொடுக்கப் போறதுக்கு முன்னாடி ரவுட்டர்ல ஆக்சஸ் கன்ட்ரோல் ஆன்ல இருக்கான்னு பாருங்க.

சரியா செட் பண்றது எப்படி?

இப்போ வரிசையா சொல்றேன். வீட்டுல உட்கார்ந்து செய்றவங்க இந்தப் பகுதியைத் திறந்து வச்சுக்கிட்டு செய்யலாம்.

1. ரவுட்டர் அட்மின் பேஜுக்குப் போங்க. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. சரியான அட்ரஸ் ரவுட்டருக்குக் கீழே ஸ்டிக்கர்ல இருக்கும். ஆக்சஸ் கன்ட்ரோலைத் தற்காலிகமா ஆஃப் பண்ணுங்க. இருக்கிற லிஸ்டை அழிக்காதீங்க, ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

2. எக்ஸ்டெண்டரை முதல்ல ரவுட்டர் இருக்கிற ரூம்லயே வச்சு செட் பண்ணுங்க. டபிள்யூபிஎஸ் பட்டன் இருந்தா ரவுட்டர்ல ஒரு அமுக்கு, ரெண்டு நிமிஷத்துக்குள்ள எக்ஸ்டெண்டர்ல ஒரு அமுக்கு. வேலை முடிஞ்சதும் ரவுட்டர்ல டபிள்யூபிஎஸ் பின் வசதியை அணைச்சிடுங்க. அந்த எட்டு இலக்க பின்னை வரிசையா முயற்சி பண்ணிக் கண்டுபிடிச்சிட முடியும்னு 2011-லயே வெளியே வந்துடுச்சு.

3. அப்புறம் அதை இடம் மாத்துங்க. இங்கேதான் நிறைய பேர் சறுக்குறாங்க. சிக்னல் இல்லாத ரூம்லயே எக்ஸ்டெண்டரை மாட்டுவாங்க. சிக்னலே வராத இடத்துல அது எதை நீட்டும்? ரவுட்டருக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல, ரவுட்டர் சிக்னல் இன்னும் நல்லா கிடைக்கிற இடத்துல மாட்டணும். போன்ல ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பாருங்க, மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நல்லா இருக்கிற இடம் போதும். அக்கா வீட்டுல அது மாடிப்படி திரும்புற இடம்.

4. எக்ஸ்டெண்டர் ரெண்டு பேண்ட் உள்ளதா இருந்தா நல்லது. ஒரே ரேடியோவுல வாங்கி அதே ரேடியோவுல திருப்பி அனுப்புறப்போ வேகம் கிட்டத்தட்ட பாதியாயிடும். ரவுட்டரோட ஒரு பேண்ட்லயும் உங்க போனோட இன்னொரு பேண்ட்லயும் பேசினா அந்த நஷ்டம் குறையும்.

5. இப்போ முக்கியமான வேலை. மாடியில பயன்படுத்துற கருவிகளை ஒவ்வொண்ணா எக்ஸ்டெண்டரோட கனெக்ட் பண்ணுங்க. ஒண்ணு கனெக்ட் ஆனதும் ரவுட்டரோட கனெக்டட் டிவைசஸ் லிஸ்டைப் பாருங்க. புதுசா வந்த மேக் அட்ரஸை, "அத்தான் லேப்டாப் – மாடி"ன்னு பேர் போட்டு எழுதி வச்சுக்குங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல கனெக்ட் பண்ணினா எது யாருன்னு குழம்பிடுவீங்க.

6. அலவ் லிஸ்ட் வேணும்னா: எக்ஸ்டெண்டரோட அட்ரஸ், ஒவ்வொரு கருவியோட நிஜ அட்ரஸ், அதோட மாடி அட்ரஸ், எல்லாத்தையும் ஏத்துங்க. பிளாக் லிஸ்ட் இல்ல நேரக் கட்டுப்பாடு வேணும்னா: அந்தக் கருவியோட ரெண்டு அட்ரஸுக்கும் அதே ரூலைப் போடுங்க. அப்புறம் ஆக்சஸ் கன்ட்ரோலை ஆன் பண்ணுங்க.

7. ரவுட்டரோட கடிகாரத்தைப் பாருங்க. டைம் ஜோன் இந்திய நேரத்துல இல்லாம ஜிஎம்டியில இருந்தா அஞ்சரை மணி நேரம் தள்ளிப் போகும். 9 மணிக்குப் போட்ட பூட்டு நடு ராத்திரி தாண்டி ரெண்டரைக்கு விழும்.

8. கடைசியா நடந்து பார்த்துச் சோதிங்க. டேப்லெட்டை எடுத்துக்கிட்டு கீழே ஒரு தடவை, மாடியில ஒரு தடவை. நான் தீபாவளிக்கு இந்த ஒரு வேலையைச் செஞ்சிருந்தா இந்த எபிசோடே கிடையாது.

உங்க எக்ஸ்டெண்டர் முதல் வகை, அதாவது எல்லாரையும் தன்னோட ஒரே மேக் அட்ரஸ்ல காட்டுறதுன்னா, ரவுட்டர்ல டேப்லெட்டை மட்டும் தனியாத் தடுக்க முடியாது. தடுத்தா மாடி மொத்தமும் போயிடும். அப்போ எக்ஸ்டெண்டரோட சொந்த அட்மின் பேஜுக்குப் போய், அங்கே ஆக்சஸ் கன்ட்ரோல் இருக்கான்னு பாருங்க. எக்ஸ்டெண்டருக்குத் தன்கிட்ட வர்ற கருவியோட நிஜப் பேர் தெரியும்.

இன்னொரு புனைபெயர்: உங்க போன்

எக்ஸ்டெண்டரைச் சரி பண்ணியும் ரூல் தப்புதுன்னா போனைப் பாருங்க. ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) இதுல இருந்து போன்களே ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒரு தற்செயல் மேக் அட்ரஸைப் போட்டுக்குது. மால்லயும் ரயில்வே ஸ்டேஷன்லயும் உங்களைப் பின்தொடராம இருக்கிறதுக்காக வந்த நல்ல வசதி இது. ஆனா எக்ஸ்டெண்டருக்குத் தனிப் பேர் வச்சா போன் அதைப் புது நெட்வொர்க்னு நினைச்சு வேற அட்ரஸ் எடுத்துக்கும்.

அதனால வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் இதை மாத்திக்கலாம். ஆண்ட்ராய்டுல அந்த வைஃபையோட செட்டிங்ஸ்ல பிரைவசி பகுதியில போய் "டிவைஸ் மேக்" இல்ல "போன் மேக்" தேர்ந்தெடுங்க. ஐபோன்ல "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" இருக்கிற இடத்துல அணைங்க, புது வெர்ஷன்கள்ல "ஃபிக்ஸ்ட்" வச்சாலும் சரி. வெளியில இருக்கிற நெட்வொர்க்குகளுக்கு அப்படியே விட்டுடுங்க.

இந்தப் பூட்டை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சம் கசப்பான உண்மை. மேக் அட்ரஸை வச்சுப் போடுற எந்தப் பூட்டும் திருடனுக்கான பூட்டு இல்ல. உங்க வைஃபை பாஸ்வேர்ட் எவ்வளவு பலமா இருந்தாலும் மேக் அட்ரஸ் மட்டும் காத்துல மறைக்காமத்தான் போகும். பக்கத்து வீட்டுல உட்கார்ந்து அதைப் படிச்சு, தன்னோட லேப்டாப்புக்கு அதே அட்ரஸைப் போட்டுக்க முடியும். வெளி ஆளைத் தடுக்கிறது டபிள்யூபிஏ2 இல்ல டபிள்யூபிஏ3 செட்டிங்கும், நீளமான பாஸ்வேர்டும்தான். பாஸ்வேர்ட் பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா பாஸ்வேர்டை மாத்துங்க, மேக் லிஸ்ட் எழுதிக்கிட்டு உட்காராதீங்க. எக்ஸ்டெண்டரோட அட்மின் பாஸ்வேர்டையும் மறக்காம மாத்துங்க, அதுவும் ஒரு கதவுதான்.

குழந்தைகளோட நேரக் கட்டுப்பாட்டுக்கு, அந்தக் கருவியிலேயே இருக்கிற ஃபேமிலி லிங்க் இல்ல ஸ்கிரீன் டைம் மாதிரி வசதி நல்லா வேலை செய்யும். மாடி, எக்ஸ்டெண்டர், மேக் அட்ரஸ்னு எதையும் அது பார்க்காது.

மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுக்க வழி இருந்தா அதைவிட நல்லது எதுவும் இல்ல. கேபிளோட மறுமுனையில எக்ஸ்டெண்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுல போட்டா வேகம் பாதியாகாது, மேக் அட்ரஸும் மாறாம ரவுட்டருக்குப் போய்ச் சேரும். ஒரு எச்சரிக்கை: ரவுட்டர்ல "வயர்லெஸ் மேக் ஃபில்டர்"னு இருக்கிறது ரவுட்டரோட சொந்த ரேடியோவுல வர்றவங்களை மட்டும்தான் பார்க்கும். கேபிள் வழியா வர்றவங்களை அது கண்டுக்காது. பேரண்டல் கன்ட்ரோல் பகுதியில போடுற ரூல் பொதுவா ரெண்டு பேரையும் பார்க்கும். அதனால கேபிள் போட்டாலும் நடந்து பார்த்துச் சோதிக்கிறது கட்டாயம்.

கடைசியா அந்த மன்னிப்பு

எல்லாம் புரிஞ்சதும் அக்காகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அவன் அழுதுக்கிட்டே சொன்னான்ல, நான்தான் கேட்கல"ன்னா. நானும்தான் கேட்கல. படிச்சவன் நான், ரூல் தப்பினதும் முதல்ல சிஸ்டத்தைச் சந்தேகப்பட்டிருக்கணும். ஆபீஸ்ல புரொடக்‌ஷன்ல ஏதாவது உடைஞ்சா நாங்க கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா என்ன மாத்தினோம்?" அந்த வீட்டுல கடைசியா மாத்தினது நான் மாட்டின டப்பா. அந்தக் கேள்வியை வீட்டுல கேட்கத் தோணல, பதினோரு வயசுப் பையன் மேல பழியைப் போடுறது சுலபமா இருந்துச்சு.

அவனைப் போன்ல கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். வர்ச்சுவல் மேக் வரைக்கும் பொறுமையா கேட்டான். கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி: "அப்போ மாமா, அத்தனை நாளும் எனக்குத் தெரியாமலேயே மாடியில 9 மணிக்கு மேல நெட் இருந்துச்சா? நான் மூணு நாள்தான் பார்த்தேன்!"

இருந்துச்சுடா. இனிமே இருக்காது.

உங்க வீட்டுலயும் இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை போனைக் கையில எடுத்துக்கிட்டு வீட்டைச் சுத்தி நடந்து, உங்க ரூல் எல்லா ரூம்லயும் வேலை செய்யுதான்னு பார்த்துட்டுப் படுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.